ஒரு வரி கூட இருந்த கோப்பு

“…எல்லாம் ஒரே மாதிரித்தான், அது எனக்கும் தெரியும், ஆனா அந்த மஞ்சள் தாள் கோப்பில மட்டும் ஒரு வரி கூடுதலா இருந்திச்சே, அதை எங்க வெச்சீங்க?” என்று ராத்தா கேட்டபோது என் வாயில் மீன் வைத்த பணிஸ் ரொட்டி பாதி இருந்தது.

எங்களோடு நிரல் எழுதிய மூத்தவர் அவர், முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாரும் ராத்தா என்போம். தோளிலிருந்து கைப்பையைக்கூட இறக்கவில்லை. அவருடைய ஊரான கிண்ணியாவுக்கு அந்த நாளில் பாலம் இல்லை. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். காலையின் முதலாவது பாதையைப் பிடித்து, வழியில் மூன்று காவலரணில் இறங்கி நடந்து, பையைத் திறந்து காட்டி, எட்டு மணிக்குச் சற்று முன்னே வந்து சேர்ந்தவர், முந்தின நாள் நான் செய்த வேலையை நின்றபடியே கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த வரி?” என்றேன்.

தம்பிமார், தங்கச்சிமார், நிரல் எழுதுகிற இந்தத் தொழிலில் இருந்த இத்தனை வருஷத்தில் நான் கேட்ட கேள்விகளிலேயே மோசமான கேள்வி அதுதான். கேட்டு முடிக்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

நாங்கள் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டைக் காலத்தின் கடைசி வருஷங்கள் அவை. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலைத் தினம் தினம் அச்சடித்துக் கொடுக்கிற சின்ன அலுவலகம் எங்களுடையது. முதல் நாள் மத்தியானம் துறைமுகப் பக்கத்திலிருந்து பெயர்கள் வரும், விடக்கூடாதவர் யார் என்பதையும் அவர்களே குறித்திருப்பார்கள். எங்கள் கணினி நிரல் அடையாள அட்டை இலக்கங்களைச் சரிபார்த்து, விடியற்காலையில் தானாகவே இரண்டு தாள் அச்சடிக்கும். வெள்ளைத் தாளில் உள்ளே விடக்கூடியவர்கள். மஞ்சள் தாளில் விடக்கூடாதவர்கள்.

மஞ்சள் தாள் அநேகமான நாட்களில் வெறுந்தாளாகவே இருக்கும். அதில் பெயர் வந்தால் என்ன நடக்கும் என்று எங்களில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. வாசலில் நிறுத்தி இருத்தி வைப்பார்கள், ஒன்பது மணிக்கு உள்ளேயிருந்து ஒரு வாகனம் வரும், ஏற்றிக்கொண்டு போகும். சிலர் பின்னேரமே திரும்பி வந்தார்கள். ஒருவர் மூன்று கிழமை, முழுதாக இருபத்தொரு நாள் கழித்து வந்தார், வந்தபின் ரோட்டில் கண்டாலும் எங்களோடு கதைக்கவில்லை. இன்னொருவருடைய மனைவி எங்கள் அலுவலகப் படியில் வந்து நின்று, “நீங்கள்தானே பேர் அடிக்கிறீங்கள், ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். பார்த்துச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. வருகிற பெயரை அச்சடிக்கிறவர்கள்தானே நாங்கள் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டு அன்றைய சோற்றைச் சாப்பிட்டோம்.

இனி நான் செய்த வேலை. நான் பள்ளிக்கூடத்தில் கணினி படித்தவன் அல்ல. தட்டச்சுக்காரனாகச் சேர்ந்து, பக்கத்து மேசையை எட்டி எட்டிப் பார்த்தே இதற்குள் விழுந்தவன். நிரலில் ஒரு மாற்றம் செய்தால் அது வேறெதையும் உடைக்கவில்லையா என்று பார்க்க நாற்பத்து மூன்று ஷெல் ஸ்கிரிப்டுகள், வரிசையாகக் கட்டளை எழுதிய சின்னக் கோப்புகள், வைத்திருந்தோம். ஒவ்வொன்றின் தலையிலும் அதே பதினெட்டு வரி. சோதனைக்கான கோப்புறைக்குள் போ, மாதிரித் தரவைப் புதிதாகப் பிரதி எடு, பட்டியலை இன்ன இடத்தில் எழுது, முடிந்ததும் எல்லாவற்றையும் துடை. யாரோ ஒருத்தர் முதலாவதை எழுத, மற்றவர்கள் பார்த்து ஒட்டிக்கொண்டே போனது. கோப்புறையின் பெயரை மாற்ற வேண்டி வந்தால் நாற்பத்து மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். ஓரிடம் தவறும், அதைத் தேடி அரை நாள் போகும்.

அந்தப் பின்னேரம் எனக்கு ரோசம் வந்தது. பதினெட்டு வரியையும் ஒரு பொதுக் கோப்பில் வைத்தேன். ஒரே கட்டளையில் நாற்பத்து மூன்று கோப்பிலும் தலையில் பதினெட்டு வரியைச் சீவினேன். சீவிய இடத்தில், ‘பொதுக் கோப்பைப் படி’ என்று ஒரு வரி. முதல் நான்கைந்து கோப்பைத் திறந்து பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. ஒரு கோப்பில் மட்டும் ஒரு வரி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குப்பை என்று நினைத்துக் கையால் அழித்தேன். கவனியுங்கள், கண்ணால் பார்த்து, கையால் அழித்தேன். ஏன் இதில் மட்டும் மிச்சம் வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். பிறகு எல்லாச் சோதனையையும் ஓடவிட்டேன். நாற்பத்து மூன்றும் பச்சை, எல்லாம் சரி என்று. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மஞ்சள் தாள் எழுதுகிற நிரல் பழையது. அதை எழுதியவர் கனடாவுக்குப் போய்விட்டார். ‘இது சோதனை’ என்று எல்லா நிரலுக்கும் சொல்கிற வரி அதற்கு விளங்காது. அதற்கென்று தனியாக ஒரு வரி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நேரே உண்மைப் பட்டியலில் எழுதிவிடும். அந்த ஒரு கோப்பில் பதினெட்டுக்குப் பதிலாகப் பத்தொன்பது வரி இருந்தது அதனால்தான். எங்களிடம் இருந்ததோ ஒரே இயந்திரம். சோதனையும் அதில், உண்மையும் அதில். இப்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். அப்போது அதை வாங்கித் தந்ததே பெரிய காரியம்.

அப்படியானால் சோதனையில் இருந்த பெயர், அன்றைய உண்மை மஞ்சள் தாளில் இறங்கியிருக்கும்.

யாருடைய பெயர்? இதற்கு எங்கள் அலுவலகத்தின் ஒரு பகிடிப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நிரல் அடையாள அட்டை இலக்கத்தைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கும் என்பதால் வாயில் வந்த இலக்கத்தைப் போட ஏலாது. ஆகவே எங்களுடைய பெயர்களையும் இலக்கங்களையுமே மாதிரியாகப் போட்டோம். மஞ்சள் தாள் சோதனைக்கு ஒரேயொரு பெயர் தேவை. அந்தக் கிழமை குற்றம் செய்தவர் யாரோ அவர் பெயர் அதில் ஏறும். பக்கத்தில் காரணமும் எழுதுவோம், அது தாளில் அச்சாகாது, எங்கள் சிரிப்புக்கு மட்டும். ‘சீனி முடித்தவர்.’ ‘குடையைக் கொண்டுபோய்த் திருப்பித் தராதவர்.’ என் பெயர் இரண்டு தரம் ஏறியிருக்கிறது.

அந்தக் கிழமை ஏறியிருந்தது தவம்.

தவம் எங்கள் அலுவலகத்தில் வெளிவேலை பார்த்தவர். சொந்த ஊர் கிளிவெட்டி. சண்டையில் வயலை விட்டு, வீட்டை விட்டு, மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து, எங்கள் லிங்கநகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டின் பின்னறையில் இருந்தார். ராத்தா பெருநாளுக்குத் தேங்காய்ப்பாலில் இனிப்பாக அவித்துக் கொண்டுவந்த வட்டிலாப்பத்தை ஒரு மத்தியானம் தனியே இருந்து முடித்துவிட்டார்.

“ஒரு சட்டி வட்டிலாப்பத்தை வழிச்சுத் திண்ட ஆளைத் துறைமுகத்துக்குள்ள விடலாமா? நாளைக்குக் கப்பலையே திண்டிடுவார்,” என்று சொல்லிக்கொண்டு பெயரை ஏற்றியது ராத்தாதான்.

“சட்டியைக் கழுவித்தானே வைச்சனான் ராத்தா, அதுக்கு ஒரு மன்னிப்பு இல்லையோ?” என்றார் தவம்.

அந்தத் தவம்தான் தினமும் காலையில் இரண்டு தாளையும் போட்டு ஒட்டிய உறையைச் சைக்கிளில் வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். உறையைத் திறந்து பார்க்கிற உரிமை அவருக்கு இல்லை.

ராத்தா பிரிண்டர் பக்கம் போய், அலுவலகப் பிரதியைப் புரட்டி மஞ்சள் தாளை எடுத்தார். வெறுமையாக இருக்க வேண்டிய தாளில் ஒரே ஒரு பெயர். கீழே கிளிவெட்டி விலாசம்.

“தவம் போயிட்டாரா?”

“போய்க் கால் மணித்தியாலம்.”

தொலைபேசியை எடுத்தேன். சத்தம் இல்லை. கைத்தொலைபேசிகள் முந்தின நாளிலிருந்தே செத்துக் கிடந்தன. எங்காவது ஏதும் நடந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். எங்கள் மனேஜர் கொழும்பில்.

பயத்தில் மூளை எப்படி ஓடும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். முதல் யோசனை, புதிதாக ஒரு வெறும் மஞ்சள் தாள் அடித்து, அதேமாதிரி உறையில் போட்டு, ஓடிப்போய்த் தவத்தைப் பிடித்து மாற்றிவிடலாம் என்பது.

“அவர் குடுத்திருந்தா?” என்றார் ராத்தா. “ஒரு நாளைக்கு ரெண்டு மஞ்சள் தாள். எது சரியெண்டு உங்களிட்ட மெதுவாக் கேப்பாங்களா?”

“அப்ப மெசின் பிழை எண்டு சொல்லுவம்.”

“மெசின் பிழையெண்டு சொன்னா அவங்க மெசினையா பிடிப்பாங்க? தவத்தைத்தான் பிடிப்பாங்க.”

மூன்றாவது யோசனையை நான் ராத்தாவுக்குச் சொல்லவில்லை. இன்றுதான் முதல்முறை சொல்கிறேன். மெல்ல நழுவி வீட்டுக்குப் போய்க் காய்ச்சல் என்று படுத்துவிடலாம் என்று நினைத்தேன். துறைமுகப் பட்டியலில் கை வைத்தவன் நான். அதை வாசலில் போய் என் வாயாலேயே சொன்னால், ஒன்பது மணி வாகனத்தில் தவத்துக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம். என் கால் உண்மையாகவே கதவுப் பக்கம் திரும்பியது.

ராத்தா அதைக் கண்டாரோ தெரியாது. அவர் கதிரையில் இருக்காமலே தட்டிக்கொண்டிருந்தார். நான் வெட்ட முன் இருந்த பழைய கோப்பை, பத்தொன்பது வரியோடும் அச்சடித்தார். பிறகு மாதிரித் தரவு. பெயரை மாற்ற முன் பழையதை ஒரு பிரதி எடுத்து வைப்பது அவருடைய பழக்கம். பதினொரு கிழமைப் பெயர்களும் காரணங்களும் தாள் தாளாக வந்து விழுந்தன.

“வாங்க,” என்றார். “ஒருத்தர் சொன்னா பொய் மாதிரிக் கேக்கும், ரெண்டு பேர் சொன்னாத்தான் கதை.”

ஓட்டோவில் போனோம். இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். ஒவ்வொரு தரமும் அந்தத் தாள்களைப் புரட்டினார்கள்.

வாசலில் வெள்ளைத் தாள்காரர்கள் வரிசையில் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். காவலரணுக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் தவம் இருந்தார். செருப்பையும் இடுப்புப் பட்டியையும் கழற்றி முன்னால் வைத்திருந்தார். இரண்டு கையும் முழங்காலில். எங்களைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார். எங்களையும் மாட்டிவிடக்கூடாது என்பதற்காக என்று பிறகு சொன்னார். அந்த நேரத்தில் அந்த மனிதருக்கு அந்த யோசனை வந்தது, வீட்டுக்குப் போய்ப் படுக்க நினைத்த எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அதிகாரி வயதில் என்னைவிடக் குறைந்தவர். எனக்குச் சிங்களம் அரைகுறை, ராத்தாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் தமிழில் சொல்ல, அவர் சிங்களத்தில் சொன்னார். இந்தப் பெயர் உங்களிடமிருந்து வந்ததல்ல, எங்கள் சோதனையிலிருந்து தவறி விழுந்தது, வரியை வெட்டியது நான், என் பெயர் இது, என் அட்டை இது. அட்டையை மேசையில் வைத்தேன்.

அதிகாரி என்னை விட்டுவிட்டு ராத்தாவைக் கேட்டார், இந்தப் பெயரைப் போட்டது யார் என்று. ராத்தா தயங்கவில்லை. “நான்தான்” என்றார். அந்தக் கேள்விக்கும் நானே பதில் சொல்லலாம் என்று வழியில் நினைத்திருந்தேன்.

அதிகாரி பதினொரு கிழமைத் தாளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசித் தாளில் விரல் நின்றது. “வட்டிலாப்பம்?” என்று வாசித்தார். அந்தச் சொல் அவர்களிடமும் உண்டு. தவத்தின் பக்கம் திரும்பி, உடைந்த தமிழில், “நீ சாப்பிட்டதா?” என்றார்.

“ஓம் சேர்.”

“எவ்வளவு?”

தவம் எழும்பி நின்றார். “முழுக்க, சேர்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி ராத்தாவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். ராத்தா பதில் சொன்னார். அதன் முழு அர்த்தமும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ‘இந்தத் தாளில் பெயர் போட்டா பகிடி விடுகிறீர்கள்?’ என்பது கேள்வி. ‘இந்தத் தாள் எங்களுக்குப் பயம் சேர். பயமான சாமானோடு பகிடி விட்டால்தான் தினமும் அதோடு இருந்து வேலை செய்யலாம்’ என்பது பதில்.

“நேற்று உங்கட பக்கத்தில இருந்து மறுப்புப் பேர் ஒண்டும் வரேல்லை,” என்றேன் நான். “எங்களை நம்ப வேண்டாம். ரேடியோவில உங்கட ஆக்களையே கேட்டுப் பாருங்கோ.”

அவர் ரேடியோவை எடுத்தபோதுதான் அந்த வாகனம் வந்தது. இன்ஜினை நிறுத்தவில்லை. இரண்டு பேர் இறங்கினார்கள். தவம் யாரும் சொல்லாமலே செருப்பை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அதிகாரி பார்வையை ரேடியோவிலிருந்து எடுக்காமல் ஒரு கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். அங்கிருந்து பதில் வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். அந்த இன்ஜின் சத்தம் எனக்குள் இன்னும் ஓடுகிறது, தம்பிமார். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். வரிசையில் நின்றவர்கள் முழுப்பேரும் உள்ளே போய் முடித்துவிட்டார்கள்.

கடைசியில் ரேடியோவில் ஒரு குரல் வந்தது. அப்படி ஒரு பெயர் அவர்கள் அனுப்பவில்லை.

வாகனம் வெறுமையாகத் திரும்பிப் போனது. அதிகாரி மஞ்சள் தாளில் தவத்தின் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டு, என்னிடம் கையால் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கினார். நாளை முதல் உறையை நீயே கொண்டுவர வேண்டும் என்றார். கொண்டுபோனேன். அந்த வேலையை விடும் நாள்வரை ஒவ்வொரு காலையும் நானேதான் கொண்டுபோனேன்.

சந்தி வரைக்கும் மூன்று பேரும் நடந்தோம். தவம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பிறகு, “ராத்தா, அடுத்த பெருநாளுக்கு உங்களுக்கும் ஒரு கரண்டி மிச்சம் வைக்கிறன்,” என்றார். சொல்லிவிட்டு மதகுக் கட்டைப் பிடித்துக் குனிந்து வாந்தியெடுத்தார். நான் முதுகைத் தடவினேன். சேர்ட் முழுக்க நனைந்திருந்தது.

இதைக் கேட்டு, வரிகளை ஒட்டி ஒட்டி வைப்பதே பத்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வரியை நாற்பத்து மூன்று இடத்தில் வைத்திருப்பது நாற்பத்து மூன்று கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத் திறப்பைத் தொலைப்பது மாதிரி. சுருக்கத்தான் வேண்டும். நான் சுருக்கியது பிழையில்லை, எண்ணிச் சீவியது பிழை. ஒரே மாதிரி என்று நீங்கள் நினைக்கிறவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள், வெட்ட முன்னமே பாருங்கள். வேறுபடுகிற ஒன்று கிடைத்தால் அதுதான் அன்றைய வேலை, மற்ற நாற்பத்திரண்டும் அல்ல. உப்புவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு மீன்காரர், ஆழம் குறிக்கக் கயிற்றில் முடிச்சுப் போடுகிறவர், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “கயித்தில கிடக்கிற முடிச்செல்லாம் சிக்கில்லை. அவிழ்க்க முதல் ஆர் போட்டதெண்டு கேள்,” என்றார். நாற்பத்து மூன்று பச்சை எனக்குச் சொல்லாததை அவர் சொன்னார். பச்சை என்றால், நீங்கள் கேட்ட கேள்விக்கு ஓம் என்று பதில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் கேட்காததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இன்னொன்று. பிழை விட்டால், மூன்றாவது யோசனை உங்களுக்கும் வரும். வரட்டும். வெட்கப்படத் தேவையில்லை. அது வந்து போகிற நேரத்தில் பக்கத்தில் யாராவது ஒருவர் தாள் அச்சடித்துக்கொண்டிருந்தால் அவரோடு போய்விடுங்கள்.

அன்று அலுவலகத்துக்குத் திரும்பியதும் தவத்தை வீட்டுக்கு அனுப்பினோம். பட்டியலில் விழுந்த பெயரை முதலில் எடுத்தேன். பிறகு அந்த ஒரு வரியைப் பொதுக் கோப்பில் சேர்த்தேன், இனி நாற்பத்து மூன்றுக்கும் அது உண்டு. ஏன் இருக்கிறது என்று மேலே தமிழிலேயே எழுதினேன். மாதிரித் தரவில் மட்டும் தவத்தின் பெயர் இன்னும் இருந்தது. வெறுமையாக விட ஏலாது, சரியான இலக்கத்தோடு ஒரு பெயர் வேண்டும்.

“என்ரை பேரைப் போடுங்கோ,” என்றேன். “வெட்டினது நான்.”

“வெட்டினது நீங்க,” என்றார் ராத்தா. “வெச்சது நான். வட்டிலாப்பமும் என்ட.”

காலையிலிருந்து தோளிலேயே தொங்கிய கைப்பையை அப்போதுதான் கழற்றி மேசையில் வைத்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தவத்தின் பெயரை எழுத்தெழுத்தாக அழித்து, தன் பெயரையும் தன் அடையாள அட்டை இலக்கத்தையும் தட்டினார். காரணம் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டார்.